புதுப்பிப்பு: இங்க்ஸ்கேப்பில் மெல்லிய கோடு மங்கலாக வந்த சிக்கல் தீர்ந்தது

இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் ஐகானைப் பிஎன்ஜி படமாக ஏற்றுமதி செய்தால் 1 பிக்சல் கறுப்புக் கோடு 2 பிக்சல் சாம்பல் பட்டையாக வருகிறது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

பலன் தந்தது, கோட்டை அரை பிக்சல் நகர்த்தச் சொன்ன யோசனைதான். கோட்டின் தடிமன், அதன் நடுவே ஓடும் தடிமனற்ற பாதையின் இருபுறமும் சரிபாதியாகப் பரவுகிறது. செங்குத்துப் பாதையின் எக்ஸ் இடம் (பிக்சலில்) 10-இல் இருந்தால் நிறம் 9.5 முதல் 10.5 வரை விழுந்து, இரண்டு பிக்சல்களையும் அரைகுறையாக நிரப்புகிறது. 10.5-க்கு மாற்றியதும் கோடு கத்திமுனை போலக் கூர்மையாக வந்தது. 2 பிக்சல் கோட்டுக்கு இது வேண்டாம். முழு எண்ணே சரி.

எதிர்பாராதது ஒன்று: தேர்வுக் கருவியின் எக்ஸ், ஒய் பெட்டிகள் இயல்பாகக் கோட்டின் வெளிவிளிம்பைக் காட்டுகின்றன. அங்கே 10 என்று கொடுத்தாலே பாதை 10.5-இல் போய் நிற்கிறது! விருப்பங்களில் வடிவியல் எல்லைப் பெட்டியை (தடிமனைச் சேர்க்காமல் பாதையை மட்டும் அளப்பது) தேர்ந்திருப்பவர்கள் மட்டும் 10.5 என்றே கொடுக்க வேண்டும்.

ஏற்றுமதியில் டிபிஐயை (ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்ற அளவு) 96-இலிருந்து 192 ஆக்கினாலும் கோடு தெளிகிறது. ஆனால் படம் அகலத்திலும் உயரத்திலும் இரு மடங்காகிவிடுகிறது. அளவு கட்டாயமான ஐகானுக்கு அது உதவாது.