நக்குரு ஏரிப் பூங்கா: பூநாரையை நம்பிப் போகாதீங்க, காண்டாமிருகத்தை நம்பிப் போங்க

வலசை:
கென்யா பயணம் போடுகிற பலர் மனதில் இருப்பது, கரை முழுக்க இளஞ்சிவப்பாகப் பூநாரை (ஃபிளமிங்கோ) நிற்கும் அந்தப் பழைய படம்தான். ஆனால் 2010க்குப் பிறகு நக்குரு ஏரியின் நீர்மட்டம் ஏறிக்கொண்டே வந்தது. பூங்காவின் பழைய முதன்மை வாயிலே தண்ணீருக்குள் போய்விட்டது. தண்ணீர் பெருகினால் ஏரியில் இருக்கிற சோடா உப்பு நீர்த்துப்போகும். சிறு பூநாரைக்கு இரையான ஸ்பைருலினா பாசி அந்தத் தண்ணீரில் செழிக்காது. இரை குறைந்தால் பறவை இடம் மாறிவிடும். அதுவும் பெரும்பாலும் இரவில் பறக்கிற பறவை என்பதால், நேற்று சாயங்காலம் பார்த்த கூட்டம் இன்று காலையில் இல்லாமல் போகலாம். பூநாரைதான் வேண்டும் என்றால் வடக்கே பொகோரியா ஏரிக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்க. அது மாவட்ட நிர்வாகத்தின் கையில் இருக்கிற காப்பகம். நக்குரு டிக்கெட் அங்கே செல்லாது. கரையோரம் கொதிக்கிற வெந்நீர் ஊற்றுகளும் உண்டு.

கொம்பன்:
வலசை சொன்னது சரி. ஆனால் அதற்காக நக்குருவைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடாதீங்க. சுமார் 188 சதுர கிலோமீட்டர், சுற்றிலும் மின்வேலி. வேலி இருப்பதால்தான் வெள்ளை, கறுப்பு என இரண்டு வகைக் காண்டாமிருகமும் இங்கே பத்திரமாக இருக்கு. யானை கிடையாது, யானைக்கு அம்போசெலி பூங்காவுக்குப் போகணும்.

நிறத்தை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது, வாயைப் பாருங்க. அகலமான, தட்டையான வாய் என்றால் புல் மேய்கிற வெள்ளை. தெற்குப் பக்கப் புல்வெளியில் காலையிலும் மாலையிலும் கூட்டமாகவே நிற்கும். மேலுதடு கொக்கிபோல் கூர்ந்திருந்தால் இலை தின்னும் கறுப்பு. புதரை விட்டு லேசில் வெளியே வராது. குட்டியோடு போகும்போது வெள்ளையில் குட்டி முன்னால் ஓடும், கறுப்பில் தாய்க்குப் பின்னால் ஓடும். பத்து மணிக்கு மேல் வெயில் ஏறினால் நிழலில் படுத்துவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் பாறை மாதிரியே இருக்கும்.

பார்வை மங்கல், மோப்பமும் காதும் கூர்மை. எஞ்சினை அணைச்சுட்டுக் காத்திருங்க, கதவைத் தட்டாதீங்க. முதுகில் உட்கார்ந்திருக்கிற உண்ணிக்கொத்திக் குருவி சீறிக்கொண்டு எழும்பினால் அடுத்த நொடி தலை நிமிரும். கேமராவை அதற்கு முன்னாடியே தயாராக வைக்கணும். இன்னொன்று: கைபேசிப் படத்தில் இடக்குறிப்பை (லொகேஷன்) அணைத்துவிடுங்க. கொம்புக்காக அலைகிறவனுக்கு நாமே வழி காட்டக் கூடாது.

தாழையூர்:
நைரோபியிலிருந்து ஒரே நாளில் போய்வர முடியுமா?

அச்சாணி:
முடியும், ஆனால் வீண். சுமார் 160 கிலோமீட்டர்தான். லாரி நெரிசலில் மூன்று மணி நேரம் தாண்டும். ஐந்துக்குக் கிளம்பினாலும் எட்டரைக்குத்தான் வாயிலில் நிற்பீங்க. கேட் திறப்பது ஆறுக்கு. நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் வருஷம் முழுக்க ஆறரையை ஒட்டியே சூரியன் உதிக்கும். நல்ல வெளிச்சமும் விலங்கின் நடமாட்டமும் முதல் மூன்று மணி நேரத்தில்தான். முந்தின இரவே நக்குரு ஊரில் தங்கிடுங்க.

வண்டி பேசும்போது இரண்டு கேள்வி: நின்று பார்க்கக் கூரையைத் தூக்கித் திறக்க முடியுமா? ஆளுக்கொரு ஜன்னல் கிடைக்குமா? ஏழு பேர் வேனில் ஏழு பேரும் உட்கார்ந்தால் நடுவில் இருப்பவர் பார்ப்பது முன்னால் இருப்பவரின் பிடரியைத்தான். ஏப்ரல், மே மழையில் களிமண் பாதை வழுக்கும், நான்கு சக்கர இழுவை இல்லாத வேன் சிக்கிக்கொள்ளும். பழைய வரைபடத்தில் காட்டுகிற கரையோரப் பாதைகள் சில இப்போது ஏரிக்குள் இருக்கு. எது திறந்திருக்கு என்று வாயிலில் ரேஞ்சரிடமே கேட்டுட்டுப் போங்க. வாயிலில் ரொக்கம் வாங்க மாட்டாங்க; முந்தின நாளே ஆன்லைனில் கட்டிடுங்க.

டிபன் டப்பா:
ஒருமுறை வெளியே வந்தால் டிக்கெட் முடிந்தது. அதனால் மதியச் சாப்பாடு கையோடு போகணும். பிளாஸ்டிக் பை 2017 முதலே கென்யாவில் தடை. ஒருமுறை தூக்கியெறிகிற பிளாஸ்டிக் பாட்டில், தட்டு எதுவும் 2020 ஜூன் முதல் பூங்காவுக்குள் கூடாது. எவர்சில்வர் டப்பா, எவர்சில்வர் பாட்டில், தீர்ந்தது கதை. பபூன் கிளிஃப் பார்வைமேட்டில் இறங்கலாம்; ஏரி முழுசும் கண்ணில் விழும். இறங்குமுன் ஜன்னலோடு கூரையையும் மூடணும். கூரை திறந்திருந்தால் பபூன் குரங்கு நேராக உள்ளே குதித்துப் பையைத் தூக்கிடும். கையில் பழத்தை வைத்துக்கொண்டு நிற்பது அதற்கு அழைப்பு வைப்பது மாதிரி.

வலசை:
மஞ்சள் காய்ச்சல் ஊசியை யாருமே சொல்லலையே. இந்தியாவிலிருந்து நேராகப் போனால் கென்யா கேட்காது. திரும்பி வரும்போது இந்தியா கேட்கும். சான்றிதழ் இல்லை என்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவாங்க. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் மாதிரி அனுமதி பெற்ற மையத்தில்தான் போடணும். தெருமுனை கிளினிக் சீட்டு செல்லாது. போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், அப்புறம் ஆயுளுக்கும் போதும். முட்டை ஒவ்வாமை இருந்தால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிடுங்க. 2024 ஜனவரி முதல் விசாவுக்குப் பதிலாக ஆன்லைன் பயண அனுமதி. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னாடியாவது விண்ணப்பிங்க.

கொம்பன்:
கேமராக்காரர்களுக்கு ஒன்று. முக்காலி வண்டிக்குள் உதவாது. ஜிப் வைத்த காலித் துணிப்பை ஒன்று கொண்டுபோய், நக்குரு கடையில் இரண்டு கிலோ அரிசி வாங்கி நிரப்பி, கூரை விளிம்பில் வைத்து அதன்மேல் லென்ஸைச் சாய்த்துக்கோங்க. 100-400 மி.மீ. லென்ஸ் போதும். உள்ளே தூசி அதிகம், லென்ஸ் கழற்றுகிற வேலையைத் தங்கும் அறையிலேயே முடிச்சிடுங்க. கடல்மட்டத்திலிருந்து 1,750 மீட்டருக்கு மேல் இருக்கிற இடம், விடியலில் கூரையைத் திறந்தால் நல்லாவே குளிரும். ஸ்வெட்டர் பெட்டியில் இல்லாமல் கையில் இருக்கட்டும்.