கட்டித் தயிரில் சுட்டால் அது சீஸ்கேக்கா, தயிர்க் கேக்கா?

அடுப்படி, கொக்குவில்:
போன சனிக்கிழமை மகனுடைய பிறந்தநாள். பழம் வைத்த சீஸ்கேக் துண்டுகள் செய்தேன். வட்டக் கேக் இல்லை, 8 அங்குலச் சதுரத் தட்டில் சுட்டு 16 துண்டாக வெட்டுவது. அடிக்கு மாரி பிஸ்கட் 200 கிராம் பொடித்து, உருக்கிய பட்டர் 90 கிராம் விட்டுப் பிசைந்து அமத்தினேன். கிறீம் சீஸ் வாங்கவில்லை. எருமைத் தயிர் இரண்டு சட்டி வாங்கி, வேட்டித் துணியில் கட்டி, வடிதட்டில் வைத்து இரவு முழுக்கப் பிரிட்ஜில் விட்டேன். காலையில் பார்த்தால் கரண்டியைக் குத்தி நிறுத்தலாம், அவ்வளவு கட்டி. அதில் 600 கிராம், சீனி 130 கிராம், முட்டை 2, சோளமா ஒரு மேசைக்கரண்டி, தேசிக்காய்த் தோல் கொஞ்சம் துருவியது. வெள்ளி பின்னேரம் சுட்டு, இரவு குளிரவிட்டு, சனிக்கிழமை பாதித் தட்டுக்குக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம், மறு பாதிக்குப் பச்சை அன்னாசி வெட்டி அடுக்கினேன்.

பிள்ளைகள் தட்டை வழித்துத் தின்றார்கள். லண்டனில் இருந்து வந்து நிற்கிற மச்சாள் மட்டும் ஒரு வாய் வைத்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. ஆனா இது தயிர்க் கேக். சீஸ்கேக் எண்டு சொல்லாதேங்கோ” என்றார். அன்றிலிருந்து அது எனக்குக் குடைந்துகொண்டே இருக்கிறது. இன்னொரு விஷயம்: அடுத்த நாள் காலை மிஞ்சிய அன்னாசித் துண்டுகள் கசந்தன, மேல்பக்கம் கூழாகி வழிந்தது. மாம்பழப் பக்கம் அப்படியே இருந்தது. ஏன்?

வெதுப்பகத்தான், திருநெல்வேலி:
அக்கா, கோபிக்க வேண்டாம், மச்சாள் சொன்னதுதான் சரி. அமெரிக்காவில் கிறீம் சீஸ் என்று பெயர் போட்டு விற்க, பாற்கொழுப்பு குறைந்தது 33 சதவீதம் இருக்க வேண்டும், ஈரம் 55 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எருமைப் பாலில் கொழுப்பு 7, 8 சதவீதம். எவ்வளவு வடித்தாலும் தயிர் அந்த 33-க்குக் கிட்டவும் வராது. நாக்கில் வெண்ணெய் மாதிரி உருகிப் போவதற்குப் பெயர்தான் சீஸ்கேக். தயிரில் சுட்டது உருகாது, உதிரும்.

அன்னாசிக்குக் காரணம் அதிலிருக்கிற புரோமலைன் என்ற நொதியம். அது புரதத்தை அறுக்கும். பாலின் புரதம் அறுபட்டால் கசக்கும், பிடிப்பும் போய்விடும். பச்சைப் பப்பாசிக்கும் இதே கதை. அன்னாசியைச் சீனியோடு ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து ஆற்றிப் போட்டால் நொதியம் செத்துவிடும். தகரத்தில் வருகிற அன்னாசி ஏற்கெனவே சூடு கண்டது, அதில் பயமில்லை.

அடுப்படி, கொக்குவில்:
அன்னாசி விளக்கத்துக்கு நன்றி தம்பி. மற்றதை ஒத்துக்கொள்ள மாட்டேன். கிறீம் சீஸ் மட்டும் வானத்தில் இருந்தா விழுந்தது? பாலும் கிறீமும் கலந்து, புளிக்க வைக்கிற பக்டீரியா விட்டு, உறைந்ததும் தண்ணீரை வடிக்கிறார்கள். நான் வேட்டித் துணியில் செய்ததும் அந்த வேலைதானே. 2022-ல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் கிடந்த காலத்தில் கிறீம் சீஸ் கண்ணிலேயே படவில்லை. அப்போது பழகிய கை இது. இன்றைக்கும் ஒரு பெட்டி கிறீம் சீஸ் விலைக்கு இரண்டு சட்டித் தயிர் வாங்கலாம்.

பிறகு, உதிரவில்லை. 160 பாகையில் 32 நிமிடம். ஓரம் இறுகி, நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சட்டித் தயிர் மாதிரி ஆடும்போதே நெருப்பை நிறுத்தி, கதவைக் கொஞ்சம் திறந்து உள்ளேயே ஆற விட்டேன். ஒரு வெடிப்பும் இல்லை.

சந்தைப் பக்கம், சுன்னாகம்:
சீஸா தயிரா என்று நீங்கள் அடிபடுங்கள். எனக்குக் கறுத்தக்கொழும்பானைக் கேக்குக்கு மேல் வைத்ததுதான் பொறுக்கவில்லை. அது வருடத்தில் கொஞ்சக் காலம் வருகிற பழம். தோலை இழுத்துச் சூப்பி, சாறு முழங்கை வரை வழிய வேண்டும். சீனி போட்டதோடு சேர்த்துத் தின்றால் எந்த நல்ல மாம்பழமும் புளிப்பாகத்தான் தெரியும்.

கேக்குக்கு என்று ஒரு பழம் வேண்டுமா, எங்கள் முந்திரிகைப் பழத்தை, அதுதான் திராட்சையை, எடுங்கள். விதை இருக்கிறது, புளிப்பும் இருக்கிறது, யாரும் ஆசைப்பட்டு வாங்குவதில்லை. அரைக் கிலோவைக் கொஞ்சம் சீனியோடு அவித்து, மசித்து, வடிகட்டி, திரும்ப அடுப்பில் வற்ற வையுங்கள். நாவற்பழம் தின்ற நாக்கின் நிறம் வரும். தயிரின் வெள்ளைக்கு மேல் அதை ஊற்றிப் பாருங்கள்.

ஹாம் பெரியம்மா, ஜெர்மனி:
நான் இங்கே வந்து முப்பது வருடத்துக்கு மேல். காமாட்சி அம்மன் கோவில் இருக்கிற அதே ஹாம் நகரம்தான். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு கொண்டாட்டத்துக்கும் சீஸ்கேக் வரும். இங்கே அதற்குக் கேஸகூகன் என்று பெயர். கேஸ என்றால் சீஸ், கூகன் என்றால் கேக். அதற்குள் போடுவது கிறீம் சீஸ் இல்லை, குவார்க். பாலைப் புளிக்க வைத்து வடித்தது. கொழுப்பே இல்லாத குவார்க்கும் கடையில் கிடக்கும், அதிலும் சுடுகிறார்கள். இத்தாலிக்காரர் ரிக்கோட்டா என்ற மென்மையான சீஸில் சுடுகிறார்கள். 33 சதவீதம் என்பது அமெரிக்கச் சட்டம் தம்பி. அதை ஏன் கொக்குவிலுக்குக் கொண்டு வருகிறீர்கள்?

பிள்ளை, ஒன்று மட்டும் சொல்கிறேன். இங்கே உள்ளவர்கள் அதற்குள் வனிலா புடிங் பவுடர் ஒரு பக்கெட் தட்டுவார்கள். அது பெரும்பாலும் சோளமாதான். கொழுப்புக் குறைந்தால் மா கொஞ்சம் கூட வேண்டும்.

வெதுப்பகத்தான், திருநெல்வேலி:
பெரியம்மா சொன்ன மா விஷயத்தில்தான் என்னுடைய வாதமே இருக்கிறது. கொழுப்பு நிறைய இருந்தால் ஓவனில் ஐந்து நிமிடம் கூடிப் போனாலும் மன்னிக்கும். தயிரில் கொழுப்புக் குறைவு, புரதம் கூட. சூடு கொஞ்சம் மிஞ்சினால் புரதம் சுருண்டு தண்ணீரைக் கக்கும், தட்டின் அடியில் குளம் கட்டும், பிஸ்கட் ஊறிப் போகும். மா போட்டால் முட்டை அவ்வளவு சீக்கிரம் இறுகாது, தண்ணீரையும் பிடித்து வைக்கும். அக்காவுக்குக் கை சரியாக வந்திருக்கிறது, சந்தோஷம். ஆனால் செய்முறையைப் பார்த்துச் செய்கிற பத்துப் பேரில் எத்தனை பேருக்கு அந்தக் கை வரும்?

இன்னொன்று. நான் ஓடருக்குச் செய்து விற்பவன். போன வருடம் ஒருவர் என்னிடம் விலை கேட்டுவிட்டு, வேறு இடத்தில் பாதி விலைக்கு எடுத்தார். பிறகு வந்து, “உம்முடையது ஏன் இவ்வளவு விலை, அங்கேயும் சீஸ்கேக்தானே தந்தார்கள்” என்று கேட்டார். அங்கே தந்தது தயிர். வீட்டில் நீங்கள் என்ன பெயரும் வைக்கலாம். காசுக்கு விற்கும்போது ஒரே பெயரில் இரண்டு சாமான் போனால் அடிபடுவது நான்.

சந்தைப் பக்கம், சுன்னாகம்:
இது நியாயமான கவலை. முதலிலேயே இதைச் சொல்லியிருக்கலாம், 33 சதவீதத்தைத் தூக்கிக்கொண்டு வராமல்.

புதுக்குடித்தனம், மானிப்பாய்:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் நல்லூர்க் கந்தன் கோவில் கொடியேறினால் 25 நாளும் முட்டை உள்ளே வராது. மாமியும் வெள்ளிக்கிழமைகளில் தொடமாட்டார். சுடாமல், முட்டையும் இல்லாமல் செய்ய ஜெலற்றின் போடச் சொல்லி வீடியோக்களில் காட்டுகிறார்கள். சரிவருமா?

அடுப்படி, கொக்குவில்:
ஐயோ பிள்ளை, ஜெலற்றின் மாட்டினதும் பன்றியினதும் தோல், எலும்பில் எடுப்பது. முட்டையே தொடாத மாமிக்கு அதைக் கொடுத்துவிட்டுப் பிறகு தெரியவந்தால் அவ்வளவுதான். அகர் அகர் போடுங்கள், அது கடற்பாசி. தண்ணீரில் போட்டு ஒன்றிரண்டு நிமிடம் நன்றாகக் கொதிக்க வேண்டும், வெறும் சூடு காணாது. கலக்கும்போது தயிர் பிரிட்ஜ் குளிரில் இருக்கக் கூடாது, குளிர் பட்ட இடத்தில் சட்டென்று உறைந்து மணி மணியாக நிற்கும். எங்கள் வெயிலுக்கும் அதுதான் நல்லது. ஜெலற்றின் மேசையில் வைத்த கொஞ்ச நேரத்தில் தளர்ந்துவிடும், அகர் அசையாது.

வெதுப்பகத்தான், திருநெல்வேலி:
அதை நான் சீஸ்கேக் என்றே சொல்ல மாட்டேன், அது புடிங். சண்டைக்கு வரவேண்டாம், அகர் பற்றிச் சொன்னது சரி. வெட்டும்போது கத்தியைச் சுடுதண்ணீரில் நனைத்து, ஒவ்வொரு வெட்டுக்கும் துடையுங்கள். இரண்டுக்கும் பொது.

ஹாம் பெரியம்மா, ஜெர்மனி:
தம்பி, உங்கள் ஓடர்ப் பட்டியலில் இரண்டையும் போடுங்களேன். ஒன்று கிறீம் சீஸில், ஒன்று தயிரில், விலை வேறு வேறாக. யாரும் ஏமாற மாட்டார்கள்.

வெதுப்பகத்தான், திருநெல்வேலி:
யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன் பெரியம்மா. ‘தயிர்ச் சீஸ்கேக்’ என்று எழுதுவேன். அந்தத் ‘தயிர்’ என்ற சொல்லை எடுக்க மாட்டேன்.

அடுப்படி, கொக்குவில்:
நீங்கள் எழுதுங்கள் தம்பி. என் வீட்டில் அது சீஸ்கேக்தான். இன்றைக்குப் பின்னேரம் முந்திரிகைப் பழம் வாங்கப் போகிறேன், தயிர் ஏற்கெனவே தொங்குகிறது. மச்சாளுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் பிளைட்.