வீட்டில் சின்ன வயதில் யாராவது திடீரென இறந்திருந்தால்: வேலூர்ப் பக்கமிருந்து வெளிநாடு வந்தவர்களுக்கு

வேலை, வாடகை, பிள்ளைகள் பள்ளி எல்லாம் முடிந்த பிறகுதான் பலரும் டாக்டரிடம் பதிவு செய்கிறார்கள். குடும்பத்தில் 50 வயதுக்குள் யாராவது திடீரென இறந்திருந்தால் அவ்வளவு நாள் தள்ளாதீர்கள். ஆனால் அப்பாயின்ட்மென்ட் வாங்குவதற்கு முன் ஊருக்கு ஒரு போன் போட்டு விசாரியுங்கள்.

குடியாத்தமோ சோளிங்கரோ, தூக்கத்தில் போனாலும் கிணற்றில் நீந்தும்போது போனாலும் நம் ஆட்கள் சொல்வது "அட்டாக்" ஒன்றுதான். அதை அப்படியே இங்கே சொன்னால் டாக்டருக்கு ஒன்றும் புரியாது. என்ன வயது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தார், அதற்கு முன் மயங்கி விழுந்ததுண்டா என்று கேளுங்கள். ஓடும்போதோ நீந்தும்போதோ மயக்கம் என்றால் இதயத் தசைத் தடிப்பு அல்லது இதயத்தின் மின்னோட்டக் கோளாறாக இருக்கலாம். முதுகு வரை கிழிக்கிற மாதிரி வலி என்றால் மகாதமனி (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்) கிழிந்திருக்கலாம். 40, 45 வயதிலேயே ஸ்டென்ட், பைபாஸ் என்றால் பரம்பரைக் கொலஸ்ட்ராலாக இருக்கலாம். வலிப்பு என்று மாத்திரை சாப்பிட்டுவந்தவர் இருந்தால் அதையும் சொல்லுங்கள். மின்னோட்டக் கோளாறைச் சில நேரம் வலிப்பு என்று நினைத்துவிடுவார்கள்.

இறப்புச் சான்றிதழை நம்பி இருக்காதீர்கள். 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 17ஆம் பிரிவின்படி, நமக்குக் கொடுக்கும் நகலில் மரணக் காரணம் இருக்காது. பிரேதப் பரிசோதனை அறிக்கை, டிஸ்சார்ஜ் சம்மரி, பழைய ஈ.சி.ஜி., எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்தான் வேண்டும். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் பார்த்திருந்தால் பீரோவில் அந்த ஹாஸ்பிடல் நம்பர் கார்டைத் தேடச் சொல்லுங்கள்.

உறவுமுறையில்தான் பெரிய குழப்பம் வரும். பெரியப்பா மகனை "பிரதர்" என்றால் கூடப்பிறந்தவர் என்று எழுதிக்கொள்வார்கள். "அங்கிள்" என்றால் தாய்மாமனா, ரத்த சம்பந்தமே இல்லாத அத்தை வீட்டுக்காரரா என்று தெரியாது. அப்பா வழி, அம்மா வழி என்று பிரித்து ஒரு தாளில் மரம் போல் வரைந்து கொண்டுபோங்கள். அக்கா மகளைக் கட்டியது, மாமன் மகளைக் கட்டியது எல்லாவற்றையும் கூச்சப்படாமல் குறியுங்கள். பரம்பரைக் கொலஸ்ட்ரால் மரபணு ஒரு பக்கம் மட்டும் இருந்தால் பிள்ளைக்கு வர பாதி வாய்ப்பு. சொந்தத்துக்குள் கட்டி இரு பக்கமிருந்தும் வந்துவிட்டால் 20 வயதுக்குள்ளேயே மாரடைப்பு வரலாம்.

பரிசோதனையில் ஈ.சி.ஜி.யும் எக்கோவும் கட்டாயம். தேவைப்பட்டால் ஹோல்ட்டர் (நாள் முழுக்க உடம்பில் மாட்டியிருக்கும் ஈ.சி.ஜி.), டிரெட்மில் (நடக்கவிட்டு எடுக்கும் ஈ.சி.ஜி.). இதயத்தின் இடது கீழறைச் சுவர் பெரியவர்களுக்கு 15 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் தசைத் தடிப்பைச் சந்தேகிப்பார்கள். குடும்பத்தில் ஏற்கெனவே நோய் இருந்தால் 13 மில்லிமீட்டரே போதும். ஒரு தடவை நார்மல் என்று வந்ததும் ஃபைலை மூடிவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. இந்த நோய் 15 வயதிலும் தெரியவரும், 40 வயதிலும் தெரியவரும். அதனால் பிள்ளைகளுக்கு ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை, பெரியவர்களுக்கு மூன்றிலிருந்து ஐந்து வருடத்துக்கு ஒருமுறை திரும்ப எடுக்க வேண்டும். மகாதமனி வீக்கம் என்ற சந்தேகம் இருந்தால் எக்கோ மட்டும் போதாது. அது இதயத்தை ஒட்டிய வேர்ப்பகுதியைத்தான் நன்றாகக் காட்டும். முழுக் குழாய்க்கும் எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. கேளுங்கள். அப்படிப்பட்டவர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த சிப்ரோஃப்ளாக்சசின் பட்டையிலிருந்து தாமாக மாத்திரை போட வேண்டாம். அந்த வகை ஆன்டிபயாட்டிக் மகாதமனியைக் கிழிக்கலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018இல் எச்சரித்திருக்கிறது.

மரபணுச் சோதனையை உங்களிடமிருந்து தொடங்காதீர்கள். நோய் உள்ளவர் ஊரில் உயிரோடு இருந்தால் முதலில் அவருக்கு எடுக்க வேண்டும். எந்த மாற்றம் என்று அவரிடம் தெரிந்த பிறகு அதே மாற்றத்தை மட்டும் உங்களிடம் தேடினால் போதும், செலவும் குறைவு. அவரை விட்டுவிட்டு உங்களுக்கு எடுத்து "ஒன்றும் இல்லை" என்று வந்தால், அந்த முடிவை வைத்து நிம்மதியாக இருக்க முடியாது. "அர்த்தம் தெளிவில்லாத மாற்றம்" என்று வந்தாலும் அதை வைத்துத் தம்பி தங்கைக்குச் சோதனை செய்யக் கூடாது.

இந்தப் பதிவுக்கு வந்த பதில் 1: கொலஸ்ட்ரால் அளவில் ஒரு சிக்கல். வேலூர் லேபில் மில்லிகிராமில் தருவார்கள். பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியாவில் மில்லிமோல். ஊர் எண்ணை 38.67ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால்) 190 என்பது இங்கே 4.9, பெரியவர்களுக்கு அதற்கு மேல் இருந்தால் பரம்பரை நோயா என்று கேட்க வேண்டிய அளவு. அப்பா ஸ்டாட்டின் (கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரை) சாப்பிடுகிறார் என்றால் மாத்திரை தொடங்குவதற்கு முன் எடுத்த ரிப்போர்ட்தான் உதவும். குதிகால் தசைநாணில் தடிப்பு, 45 வயதுக்குள் கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம் இருந்ததா என்றும் வீட்டில் கேளுங்கள். லிப்போபுரோட்டீன் ஏ (பரம்பரையாக வரும் இன்னொரு வகைக் கொழுப்பு) சோதனை ஒருமுறை எடுத்தால் போதும்.

இந்தப் பதிவுக்கு வந்த பதில் 2: அமெரிக்காவில் இருப்பவர்கள் ஆயுள் காப்பீடு எடுக்க நினைத்தால், மரபணுச் சோதனைக்கு முன்பே எடுத்துவிடுங்கள். 2008இல் வந்த ஜினா சட்டம் (மரபணுவை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் சட்டம்) மருத்துவக் காப்பீட்டுக்கும் வேலைக்கும்தான் பாதுகாப்பு. ஆயுள் காப்பீட்டை அது தொடாது. கனடாவின் 2017ஆம் ஆண்டுச் சட்டம் இதைவிட விரிவானது. ஆனால் மயக்கமோ நெஞ்சுவலியோ ஏற்கெனவே இருந்தால் பாலிசி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஈ.சி.ஜி., எக்கோவை உடனே எடுங்கள். மரபணுச் சோதனை மட்டும் சில வாரம் தள்ளலாம்.