லெபனானில் பதவிகள் சமயவாரியாகப் பங்கிடப்படுவது எப்படி?

கேள்வி (தெம்பனிஸ் வாசகர்):
எங்கள் அலுவலகத்தில் பணிபுரியும் பெய்ரூட் நண்பர் ஒருவரின் திருமணச் சான்றிதழ் சைப்ரஸில் பதிவானது. மணமகள் வேறு சமயத்தவர். சமயம் சாராத பதிவுத் திருமணம் அவர் நாட்டில் இல்லையாம். "திருமணம் மட்டுமா, அதிபர் பதவியும் சமயம் பார்த்துத்தான்" என்று சிரித்தார். நம் சிங்கப்பூரில், அணியாகப் போட்டியிடும் குழுத்தொகுதிகளில் சிறுபான்மை இன வேட்பாளர் ஒருவராவது இருக்கவேண்டும் என்பதைப் போன்ற ஏற்பாடா இது?

மறுமொழி 1 (பழைய மாணவன்):
பாதி ஒப்புமை உண்டு. அங்கும் எல்லாச் சமயத்தவரும் ஒரே வேட்பாளர் பட்டியல்களிலிருந்தே தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் நாடாளுமன்றத்தின் 128 இடங்களும் முன்கூட்டியே பங்கிடப்பட்டவை: கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் சரிபாதி, அதற்குள் மரோனைட்டுகளுக்கு (கிறிஸ்தவப் பிரிவினர்) 34, சுன்னிகளுக்கும் ஷியாக்களுக்கும் தலா 27 என உட்பிரிவுகள். உள்நாட்டுப் போரை முடித்துவைத்த 1989இன் தாயிஃப் உடன்பாட்டுக்கு முன் இது ஆறுக்கு ஐந்து என்று கிறிஸ்தவர்களுக்குச் சாதகமாக இருந்தது. அதிபர் மரோனைட், பிரதமர் சுன்னி, நாடாளுமன்ற நாயகர் ஷியா என்பதோ 1943இன் எழுதப்படாத ஒப்பந்தத்தால் வந்த மரபு. இத்தனைக்கும் கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1932இல் நடந்தது. மறுபடி எண்ணினால் பங்கு கேட்டுச் சண்டை வரும் என்பதால் எவரும் அதைத் தொடுவதில்லை.

மறுமொழி 2 (உட்லண்ட்ஸ் அண்ணாமலை):
பங்கீட்டைவிட முடக்கம்தான் கவனிக்கத்தக்கது. மிஷெல் அவுன் 2022 அக்டோபர் இறுதியில் விலகியபின், ஈராண்டுக்கும் மேலாக அதிபர் நாற்காலி காலியாகவே கிடந்தது. அதிபரை நாடாளுமன்ற உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். முதல் சுற்றில் 86 வாக்குகள் தேவை. அடுத்த சுற்றில் 65 போதும், ஆனால் அப்போதும் மூன்றில் இரண்டு பங்கினர் அவையில் அமர்ந்திருக்கவேண்டும். ஆகவே முதல் எண்ணிக்கை முடிந்ததும் ஓர் அணி எழுந்து வெளியேறிவிடும். நாயகர் கூட்டத்தை ஒத்திவைப்பார். இப்படிப் பன்னிரண்டு அமர்வுகள் வீணாயின. 2025 ஜனவரி 9 அன்றுதான் ராணுவத் தளபதி ஜோசப் அவுன், முதல் சுற்றில் 71 வாக்குகளும் அடுத்த சுற்றில் 99 வாக்குகளும் பெற்று அதிபரானார். (முன்னவருக்கு இவர் உறவினர் அல்லர், பெயர்தான் ஒன்று.)

மறுமொழி 3 (தெம்பனிஸ் வாசகர்):
இருவருக்கும் நன்றி. இங்கே ஐந்து தவணைகள் ஒரு சமூகத்திலிருந்து அதிபர் வராவிட்டால்தான் தேர்தல் அச்சமூகத்துக்கு ஒதுக்கப்படுகிறது. அங்கே பதவி நிரந்தரமாக ஒரு பிரிவினருக்கே. இதை மாற்ற வழியே இல்லையா?

மறுமொழி 4 (பழைய மாணவன்):
சமயவாரி முறையைப் படிப்படியாக ஒழிக்கக் குழு அமைக்கவேண்டும் என்று அரசமைப்பின் 95ஆம் பிரிவே சொல்கிறது. அமைக்கவேண்டியவர்கள், அதே முறையால் உறுப்பினரானவர்கள்.