நாற்பத்தைந்துக்கு மேல் இரண்டாவது வருமானம்: தையல் மிஷினா, கணக்கு ஏடா?

மாடிப்படி:
வயது 46. பகல் வேலையை விட முடியாது. வாரத்துக்குப் பத்து மணி நேரம் ஒதுக்கலாம், அவ்வளவுதான். அலுவலகத்தில் கணக்குப் பிரிவு. தையலும் ஓரளவு வரும், மிஷின் இருக்கிறது. யோசனை இரண்டு. வீட்டிலேயே ஆல்டரேஷன் எடுப்பது, அல்லது சின்ன வியாபாரிகளுக்கு மாதக் கணக்கு எழுதித் தருவது. எதில் இறங்கலாம்? "மனசுக்குப் பிடிச்சதைச் செய்யுங்க" என்ற பதில் வேண்டாம், அது வீட்டிலேயே தாராளமாகக் கிடைக்கிறது.

நூல்கண்டு:
ஆல்டரேஷன். புதுத்துணி தைப்பதில்தான் கட்டிங் தப்பினால் துணியே போச்சு என்ற பயம். இதில் உடுப்பு ஏற்கெனவே தயார். ஓர் இடத்தைப் பிரித்துத் திரும்ப மூடுகிறீர்கள். பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, பக்கம் பிடிப்பது, கை நீளம் குறைப்பது. இந்த நாலும் கைக்கு வந்தால் போதும், ஆரம்பிக்கலாம்.

நேர்த்தையலும் ஜிக்ஜாகும் போடும் மிஷின், ஆவி வரும் அயர்ன் பாக்ஸ், தையல் பிரிக்கும் ரிப்பர், இன்ச் டேப், குறி போடும் சாக். ஊசி 11, 14, 16 நம்பர்களில். டி-ஷர்ட் மாதிரி பின்னல் துணிக்கு உருண்டை முனை ஊசி தனியாக. சாதா ஊசியால் பின்னல் துணியைத் தைத்தால் தையல் விட்டு விட்டு விழும். நேர்த்தையலே போட்டாலும் தலை வழியாக மாட்டும்போது படபடவென்று அறுந்துவிடும், லேசான ஜிக்ஜாக் கொடுத்தால்தான் துணியோடு சேர்ந்து இழுபடும். ஓவர்லாக் மிஷின் முதல் நாளே வாங்க வேண்டாம். விளிம்பை ஜிக்ஜாகிலேயே அடைக்கலாம்.

ஊசியை எட்டு மணி நேர ஓட்டத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். அது முறியும்வரை காத்திருப்பது கஞ்சத்தனம்.

ஐந்தொகை:
அக்கா ஊசி நம்பர் வரை சொல்லிவிட்டு மணிக்கணக்கை விட்டுவிட்டார். வாரம் 10 மணி, ஆண்டுக்கு 48 வாரம், ஆக 480 மணி. ஆள் வருவது, பேசுவது, அளவெடுப்பது, போட்டுப் பார்ப்பது, திருப்பிக் கொடுப்பது. இதெல்லாம் காசில்லாத நேரம், மூன்றில் ஒரு பங்கு போய்விடும். காசு வரும் நேரம் 320 மணிதான்.

இப்போது உங்கள் ஆண்டுச் சம்பளத்தை 2080-ஆல் வகுங்கள் (வாரம் 40 மணி, 52 வாரம்). ஒரு மணிக்கு உங்கள் விலை அது. அதே விலை தையலிலும் கிடைக்க வேண்டுமென்றால், தைக்கும் மணிக்கு ஒன்றரை மடங்கு வாங்கியாக வேண்டும். நூல், ஊசி, கரன்ட் இன்னும் சேர்க்கவே இல்லை. அரை மணிக்கு ஓர் உருப்படி என்றாலும் வருடத்துக்கு 640. 641-ஆவது உருப்படிக்கு உங்களிடம் நேரமே கிடையாது.

கணக்கு எழுதுவதில் ஆளை ஒரு தடவை பிடித்தால் போதும், மாதாமாதம் அதே ஆள். மூன்றாம் மாதத்திலிருந்து வேலை குறையும், ஏனென்றால் அதே வாடகை, அதே சரக்குக்காரர், அதே தொலைபேசிக் கட்டணம்தான் திரும்பத் திரும்ப வரும். கேள்வி கேட்டவர் தினமும் அலுவலகத்தில் செய்கிற வேலையை விட்டுவிட்டு அரைகுறையாகத் தெரிந்த வேலைக்கு ஏன் போக வேண்டும்?

நூல்கண்டு:
ஐந்தொகை சார், உங்கள் 320 மணியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மணி எப்போது விழுகிறது என்று பார்த்தீர்களா? கிழிந்த ஜிப் செவ்வாய்க்கிழமை வந்தாலும் வெள்ளிக்கிழமை கொடுக்கலாம். மாதக் கணக்கு அப்படியா? எல்லா வியாபாரிக்கும் மாதம் ஒரே நாளில்தான் முடிகிறது. இவருடைய அலுவலகத்திலும் கணக்குப் பிரிவுக்கு அதே நாலு நாள்தான் கழுத்தை நெரிக்கும். வாரம் பத்து மணி என்பது சராசரி. கடைசி வாரத்தில் முப்பது மணி கேட்கும், இரண்டாம் வாரத்தில் ஈ ஓட்டலாம்.

இன்னொன்று, வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். வெளியே சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது, போட்டியாளருக்கு வேலை செய்யக் கூடாது என்ற வரிகள் இருக்கலாம். பேன்ட் மடித்துத் தைப்பதில் யாருடைய ரகசியமும் வெளியே போகாது. அலுவலகத்துக்குச் சரக்குப் போடுகிறவரே உங்களிடம் கணக்கு எழுத வந்தால்?

ஐந்தொகை:
வந்தால் மறுத்துவிட வேண்டும், அதில் பேச்சே இல்லை. ஒப்பந்தத்தில் தடை இருந்தால் எழுத்தில் அனுமதி கேட்க வேண்டும். வாய்ச்சொல் அனுமதி மேலாளர் மாறியதும் காற்றோடு போய்விடும்.

மாதக் கடைசி நெருக்கடிக்கு வழி இருக்கிறது. வாரத்துக்கு ஒரு நாள் வங்கி வரவு செலவை இறக்கிப் பதிந்துவிட்டால் கடைசியில் மிஞ்சுவது பொருத்திப் பார்ப்பது மட்டும். அங்கேதான் அனுபவம் பேசும். ஏட்டுக்கும் வங்கிக்கும் 270 இடிக்கிறது என்று வையுங்கள். புதிதாக வந்தவர் முதல் வரியிலிருந்து டிக் போட ஆரம்பிப்பார். பழகியவர் முதலில் 9-ஆல் வகுப்பார். மீதியில்லாமல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்பு உண்டு, 630-ஐ 360 என்று எழுதியிருக்கலாம். பத்து மடங்குப் பிழையும் (30-க்கு 300) அதே 270-ஐத்தான் தரும், அதையும் தேட வேண்டும். அடுத்து இரண்டால் வகுத்து 135 என்ற தொகையைத் தேடுவார். வரவில் போட வேண்டியதைச் செலவில் போட்டால் வித்தியாசம் இரட்டிப்பாகத்தான் காட்டும். பாதி நாள் தேடல் பத்து நிமிடத்தில் முடியும். ஒவ்வொரு தொகையையும் இரண்டு இடத்தில் எழுதும் இரட்டைப் பதிவு முறையை 1494-இல் இத்தாலியக் கணித அறிஞர் லூகா பாச்சோலி அச்சில் ஏற்றினார். மனிதர்கள் அன்று செய்த பிழையைத்தான் இன்றும் செய்கிறார்கள்.

வெட்டிப்பேச்சு:
இரண்டு பேருமே வேலை ஒழுங்காக வந்து சேரும் என்ற நினைப்பில் பேசுகிறீர்கள்.

கணக்கு எழுதுவதில் எழுதுவதா வேலை? ரசீது வாங்குவதுதான் வேலை. "17-ஆம் தேதி எடுத்த பணம் எதற்கு?" என்று கேட்டால் பதினோராவது நாள் "பார்த்துச் சொல்றேன்" என்று வரும். ஐந்தொகை தையலுக்கு மூன்றில் ஒரு பங்கு கழித்தார், தன் தொழிலுக்கு ஒரு நிமிடம்கூடக் கழிக்கவில்லை. நல்ல கணக்கர்!

அந்தப் பக்கம் போவதென்றால் முதல் நாளே எழுத்தில் இருக்க வேண்டியவை: ரசீது வந்து சேர வேண்டிய கடைசித் தேதி, அதற்குப் பிறகு வருவது அடுத்த மாதத்தில்தான் ஏறும் என்ற வரி, மாதத்துக்கு எத்தனை பதிவு வரை இந்தக் கட்டணம், தாண்டினால் எவ்வளவு. பழைய பாக்கி மாதங்களுக்குத் தனிக் கட்டணம், அதை மாதக் கட்டணத்தில் கரைத்தீர்களோ மாட்டினீர்கள். வரி சம்பந்தமான கையெழுத்து யார் பொறுப்பு என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். விவரம் தெரியாத பணத்தை அனாமத்துக் கணக்கில் போட்டுவிட்டு, கேள்விகளைச் சேர்த்து மாதம் ஒரே பட்டியலாக அனுப்புங்கள். தினம் ஒரு கேள்வி அனுப்பினால் ஒன்றுக்கும் பதில் வராது.

தையல் பக்கம்: அரை மணிக்கு ஓர் உருப்படி என்பது சாதா பேன்ட். ஜீன்ஸ் வந்தால்? மடிப்பில் தையல் தடித்து மேடாக நிற்குமே, வீட்டு மிஷின் அதில் ஏறுமா, நூல்கண்டு?

நூல்கண்டு:
ஏறும். ஏன் ஏறவில்லை என்று தெரிந்தால் ஏறும்.

ஜீன்ஸ் காலின் உள்பக்கத் தையலில் பெரும்பாலும் துணி ஒன்றுக்குள் ஒன்று மடிந்து நாலு அடுக்காக இருக்கும். கீழ் ஓரத்தை இரட்டை மடிப்பு மடித்தால் மற்ற இடத்தில் மூன்று அடுக்கு, அந்தத் தையல் வரும் இடத்தில் நாலு மூன்று பன்னிரண்டு. துணியை அழுத்தும் மிஷின் பாதம் மேட்டில் ஏறும்போது முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், அடியிலிருந்து துணியை நகர்த்தும் பல்லுக்குத் துணி பிடிபடாது. துணி நகராமல் ஒரே இடத்தில் குத்தும், தையல் கடுகு கடுகாக விழும். ஆள் பொறுமை இழந்து துணியைப் பின்னால் இழுப்பார். ஊசி வளைந்து தகட்டில் இடிக்கும். டக். ஊசியை முறிப்பது பன்னிரண்டு அடுக்கு இல்லை, அந்த இழுப்புதான்.

செய்ய வேண்டியது: மடித்த மேட்டின் மேல் ஒரு துண்டுத் துணி போட்டு, கெட்டியான தரையில் வைத்துச் சுத்தியலால் நாலு தட்டு. 16 நம்பர் ஜீன்ஸ் ஊசி. தையல் நீளம் மூன்றரை மில்லிமீட்டர். மேலே தடித்த நூல், அடி நூல் சுற்றும் பாபினில் சாதா நூல். மேடு வந்ததும் ஊசியைத் துணியில் இறக்கி நிறுத்தி, பாதத்தைத் தூக்கி, அதன் பின்பாதிக்கு அடியில் மடித்த அட்டையையோ ஜீன்ஸ் துண்டையோ செருகுங்கள், பாதம் மட்டமாக வரும்வரை. பிறகு மோட்டார் வேண்டாம், கைச்சக்கரத்தைச் சுற்றியே தாண்டுங்கள். இறங்கும்போது அதே அட்டை பாதத்தின் முன்பக்கம்.

வெட்டும் முன் இரண்டு கேள்வி. துவைத்ததா? துவைக்காத பருத்தி ஜீன்ஸ் வெட்டிய பிறகு சுருங்கினால் திரும்ப நீட்ட முடியாது. எந்தச் செருப்போடு போடுவார்? அதைப் போட்டு நிற்க வைத்து இரண்டு காலிலும் தனித்தனியாகப் பின் குத்துங்கள். பலருக்கு இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் இருக்காது. குறித்த இடத்துக்குக் கீழே இரண்டரை சென்டிமீட்டர் விட்டு வெட்டினால் ஒன்றேகாலுக்கு இரண்டு மடிப்பு வரும்.

இதற்கு அரை மணி இல்லை, முக்கால் மணி. அதற்கேற்ற கட்டணம் வாங்குங்கள், "பேன்ட் நீளம்" என்ற ஒரே விலையில் இரண்டையும் சேர்க்காதீர்கள்.

ஐந்தொகை:
பன்னிரண்டு அடுக்கு விளக்கம் அபாரம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முக்கால் மணி என்று அவரே சொன்னதால் 640 இப்போது 426-க்கு இறங்கிவிட்டது.

நூல்கண்டு:
எல்லாமே ஜீன்ஸாக வந்தால்! "ஜிப் போச்சு" என்று வருவதில் பல்வரிசை நன்றாகவே இருக்கும், மேலும் கீழும் இழுக்கும் ரன்னர் மட்டும் தேய்ந்து வாய் விரிந்திருக்கும். உலோக ஜிப்பென்றால் குறட்டால் ரன்னரின் இரு ஓரத்தையும் ஒரே அளவாக மெல்ல அழுத்தினாலே பிடித்துக்கொள்ளும், இல்லையென்றால் ரன்னரை மட்டும் மாற்றலாம். ஐந்து பத்து நிமிட வேலை. அதையும் சேர்த்துச் சராசரி போடுங்கள் சார்.

வெட்டிப்பேச்சு:
சண்டையைச் சராசரியில் முடிக்க வேண்டாம். கேட்டவர் இருபது உருப்படி தைக்கட்டும், ஒரு வியாபாரிக்கு இரண்டு மாதம் கணக்கு எழுதட்டும். ஒரு நோட்டில் நாலு கட்டம்: ஆள் பேச ஆரம்பித்த நேரம், வேலை தொடங்கிய நேரம், முடிந்த நேரம், பணம் கைக்கு வந்த தேதி. கடைசிக் கட்டத்தை எல்லோரும் விட்டுவிடுவார்கள். தையலில் உடுப்பு உங்கள் கையில் இருக்கிறது, காசு கொடுத்தால்தான் போகும். கணக்கில் வேலை முடிந்து அனுப்பியாகிவிடும், காசு பின்னால் வரும். கணக்குக்குப் போனால் மாத ஆரம்பத்திலேயே வாங்குங்கள்.

இந்த வயதுக்காரர்களைக் குறிவைத்து "பயிற்சிக் கட்டணம் கட்டுங்கள், வேலை உறுதி" என்று வருகிற விளம்பரங்கள் பக்கம் போகவே வேண்டாம். வேலை கொடுக்கிறவன் உங்களிடம் முன்பணம் கேட்டால் அவனுக்கு வியாபாரமே நீங்கள்தான்.

தூரப்பார்வை:
கண்ணைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. நாற்பதுக்கு மேல் கண்ணின் வில்லை விறைத்துக் கிட்டப் பார்வை தள்ளிப்போகும், இது எல்லோருக்கும் வருவது. வாசிப்புக் கண்ணாடி ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் தூரத்துக்குப் பார்த்துக் கொடுப்பது. மிஷின் ஊசி அதைவிடக் கிட்டே, கணினித் திரை 60, 70-இல். ஒரே கண்ணாடியில் இரண்டையும் பார்க்க முயன்றால் கழுத்தை முன்னால் நீட்டி நீட்டி, வலி தோளில் வந்து உட்காரும். எந்த வேலை எடுத்தாலும் அந்தத் தூரத்தை டேப்பால் அளந்து எண்ணாக எழுதிக்கொண்டு போய்க் கண் பரிசோதகரிடம் கொடுங்கள். தையலுக்குத் தனி விளக்கும் வேண்டும், மிஷினில் இருக்கும் குட்டி பல்பு போதாது.

மாடிப்படி:
இருபது உருப்படி, இரண்டு மாதக் கணக்கு, நோட்டில் நாலு கட்டம். அப்படியே செய்கிறேன். முதலில் தையல், ஏனென்றால் வெளியே கணக்கு எழுத அனுமதி கேட்க வேண்டும் என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறது. அக்கா, இரண்டு சந்தேகம். மிஷினில் துணியின் அடிப்பக்கம் நூல் சுருள் சுருளாகத் தொங்குகிறது. பாபின் திருகை எவ்வளவு முறுக்கியும் நிற்கவில்லை. அப்புறம், கறுப்புத் துணியில் கறுப்புத் தையலைப் பிரிப்பது எப்படி? துணி கிழிந்துவிடும் போல இருக்கிறது.

நூல்கண்டு:
பாபினைத் தொடாதீர்கள், திருகைப் பழைய இடத்துக்கே கொண்டுபோங்கள். அடியில் சுருள் என்றால் தப்பு மேலே. பாதத்தை இறக்கி வைத்து நூல் கோத்திருப்பீர்கள், அப்போது நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டு மூடியிருக்கும், நூல் உள்ளே போகாமல் மேலேயே நிற்கும். பாதத்தைத் தூக்கிவிட்டு முதலிலிருந்து நூலைக் கோத்துவிடுங்கள்.

கறுப்புக்கு: தையலை மேலிருந்து பிரிக்காதீர்கள். அடிப்பக்கம், பாபின் நூலில், நாலு தையலுக்கு ஒன்று ரிப்பரால் அறுத்துக்கொண்டே போங்கள். பிறகு துணியைத் திருப்பி மேல் நூலைப் பிடித்து இழுத்தால் ஒரே நீளமாக வந்துவிடும். விளக்கை மேலே வைக்காமல் பக்கவாட்டில் தாழ வையுங்கள், ஒவ்வொரு தையலுக்கும் நிழல் விழும்.