வாற கிழமை வாடைக்குளிர்: ஆட்டுக்கொட்டிலை எப்பிடி ஆயத்தப்படுத்திறது?

தென்மராட்சியான்:
வங்காள விரிகுடாவில தாழமுக்கமாம், நாலு நாளைக்கு மழையும் வாடையும், பகலிலும் 24 பாகையைத் தாண்டாதாம். 11 ஆடு, அதில 3 சினை. 9 நாள் கோழிக்குஞ்சு 40. கொட்டில் வாசல் வடக்குப் பக்கம். 24 பாகையை ஆடு தாங்குமோ? சுத்திவரப் படங்கு கட்டினால் காணுமோ?

வடலியடி:
மயிர் காய்ஞ்சிருந்தால் 24 பாகை ஆட்டுக்கு ஒரு பொருட்டே இல்லை. நனைஞ்சு காற்றில நிக்கிறதுதான் கொல்லும். 2022 மார்கழியில மண்டூஸ் புயலோட வடக்கு கிழக்கில ஆயிரத்துக்கு மேல மாடுகள் செத்தது. அப்பவும் இஞ்ச உறைபனி விழேல்லை; வெளியில நிண்ட மாட்டில மழையும் காற்றும் விடாமல் அடிச்சதுதான்.

சுத்திவர மூடாதேங்கோ, மூத்திர ஆவி உள்ள தங்கிச் சளி பிடிக்கும். வடக்கும் கிழக்கும் மட்டும் மறையுங்கோ, கூரைக்குக் கீழ ஒரு அடி திறந்திருக்கட்டும். படங்கின்ர அடியில கம்பு கோத்துக் கட்டாட்டி விடிய முன்னம் கிழிஞ்சிடும்.

காற்றுக்கு முதுகைக் காட்டி நிண்டால் தாழமுக்கம் இடக்கைப் பக்கம். வாடை வடமேற்காகி மேற்குக்குத் திரும்பினால் அது எங்களுக்கு வடக்கால போகுது எண்டு அர்த்தம். அப்ப சாரல் மேற்கால அடிக்கும், ஒரு படங்கு மிச்சம் வையுங்கோ.

தீனிக்கு வைக்கோலைக் கூட்டுங்கோ. நார்த்தீனி வயித்தில புளிக்கேக்கதான் உடம்பில சூடு வரும். குளிருது எண்டு சோறும் அரிசியும் அள்ளி வைச்சால் வயிறு ஊதி, குளிருக்கு முதல் அதுவே ஆட்டை முடிச்சிடும்.

கூடுகட்டி:
குஞ்சுக்கு 30 பாகையளவு வேணும். 100 வாட் குண்டு பல்ப் ஒண்டு, உமியிலயிருந்து ஒண்டரை அடி உயரத்தில. எல்இடி போடாதேங்கோ, வெளிச்சம் மட்டும்தான் வரும். குஞ்சுகள் பல்புக்குக் கீழ குவிஞ்சால் இறக்குங்கோ, ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்தால் உயர்த்துங்கோ. கரண்ட் போனால் மண்சட்டியில கரித்தணல், மேல கம்பிவலை. ஆனால் யன்னலைச் சாத்தாதேங்கோ, கரிப்புகையைவிட தணலில இருந்து வாற மணமில்லாத காபன் மொனொக்சைட்டு வாயுதான் ஆபத்து.

தென்மராட்சியான்:
நன்றி அண்ணை. மழைக்குள்ள குட்டி போட்டால்?

வடலியடி:
காய்ஞ்ச சாக்கால நல்லாத் தேய்ச்சுத் துடைச்சு, தொப்புளுக்கு அயடீன் வைச்சு, ஒரு மணித்தியாலத்துக்குள்ள சீம்பால் குடிக்க விடுங்கோ. அதுக்கு முதல் குட்டியின்ர வாய்க்குள்ள விரலை வைச்சுப் பாருங்கோ. குளிர்ந்திருந்தால் பால் பருக்க வேண்டாம். விழுங்கமாட்டாது, பால் நுரையீரலுக்குப் போயிடும். சுடுதண்ணிப் போத்தலைத் துணியில சுத்திப் பக்கத்தில வைச்சு, வாய் சூடான பிறகு குடுங்கோ.