மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியுமா? எந்தக் கணக்கை நம்புவது?

கரிசல்காரன்:
நண்பர்களே, ரொம்ப நாளாகக் கேட்க நினைத்த விஷயம். பிரதம் என்ற தொண்டு நிறுவனம் 2005 முதல் ஏசர் என்ற பெயரில் கிராமப்புறங்களில் ஆய்வு நடத்துகிறது. தன்னார்வலர்கள் வீட்டுக்கே போய், எழுத்து, சொல், ஒன்றாம் வகுப்புப் பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை என்ற நான்கு படிகளில் பிள்ளையை வாசிக்கச் சொல்வார்கள். 2022இல் தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் அந்தக் கதையை வாசித்தவர்கள் 5 சதவீதத்துக்கும் கீழே. இன்னொரு பக்கம் அரசுத் தேர்வுகள் இருக்கின்றன. மத்திய அரசு 2021 வரை நாஸ் என்ற பெயரில் நடத்திய தேசியக் கற்றல் அடைவுத் தேர்வு, அப்புறம் 2025 பிப்ரவரியில் நம் மாநிலத் திட்டக்குழு எடுத்த ஸ்லாஸ் என்ற மாநில அடைவுத் தேர்வு. அதிகாரிகள் காட்டுவதெல்லாம் இவற்றைத்தான்.

நான் ஏசர் கட்சி. பள்ளியை நடத்துபவரே தேர்வும் வைத்து மதிப்பெண்ணும் போடுவது, தன் வீட்டுக் கல்யாணத்தில் தானே மொய் நோட்டைத் திறந்து தன் பெயரை எழுதிக்கொள்வது போலத்தான். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் வரலாம்.

சாக்பீஸ்:
வந்துவிட்டேன். ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியை நான். 2022இல் மூன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை யார் என்று கொஞ்சம் யோசியுங்கள் சார். 2020 மார்ச்சில் பள்ளியை மூடினார்கள். ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகளைத் திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1. அந்தப் பிள்ளைக்கு முதல் வகுப்பே நடக்கவில்லை. இரண்டாம் வகுப்பில் பாதி நடந்தது. நேராக மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்த பிள்ளையிடம் முன்பின் தெரியாத ஒருவர் தாளை நீட்டுகிறார். அம்மா பக்கத்தில் முறைத்துக்கொண்டு நிற்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். வாய் திறக்குமா?

கரிசல்காரன்:
2018இலும் கிட்டத்தட்ட 10 சதவீதம்தான் டீச்சர். அப்போது கொரோனா ஏது?

சாக்பீஸ்:
அந்தச் சதவீதம் எதைக் குறிக்கிறது என்று பாருங்கள். கதையைச் சரளமாக வாசித்தால்தான் மேல்படி. சொல் சொல்லாக நிறுத்தி வாசிக்கிற பிள்ளையை அடுத்த படிக்கு இறக்கிவிடுவார்கள். அதாவது ஒன்றாம் வகுப்புப் பத்தியை நன்றாக வாசிக்கிற பிள்ளையும் உங்கள் 95 சதவீதத்துக்குள் இருக்கிறது. பத்திரிகையில் தலைப்பு வரும்போது 'வாசிக்கத் தெரியாத குழந்தைகள்' ஆகிவிடுகிறது. வீட்டுக்கு வந்த தன்னார்வலர் அப்படி எழுதவில்லை, மேசையில் உட்கார்ந்தவர்தான் எழுதினார்.

புள்ளிக்கோலம்:
இது நல்ல பாயிண்ட். ஆனால் கரிசல் அண்ணன் சொன்னதிலும் பாதி நிஜம். ஆய்வாளர் அபிஜீத் சிங் மத்தியப் பிரதேசத்தில் பள்ளிகளே நடத்திய பிரதிபா பர்வ் தேர்வைத் தணிக்கை செய்தார். அதே பிள்ளைகளை அதே வகைக் கேள்விகளோடு வெளியாட்கள் திரும்பச் சோதித்தபோது மதிப்பெண் சரசரவென்று இறங்கியது. ஆந்திரத்தில் காகிதத் தேர்வையும் டேப்லெட் தேர்வையும் ஒப்பிட்டார்கள். காகிதத்தில் ஊதியிருந்தது டேப்லெட்டில் வடிந்துவிட்டது. ஜான்சன், பராடோ என்ற இருவரின் 2021 கட்டுரை நாஸ் தேர்வையே எடுத்து அலசியது. மாநில மதிப்பெண்கள் மற்ற ஆய்வுகளைவிட மிக உயரம், மாநிலங்களின் தரவரிசையோ மற்ற எதனோடும் ஒட்டவில்லை.

ஆக, பிள்ளையை வாசிக்கவிட்டுக் கேட்பதா, நான்கு விடையில் ஒன்றைத் தேர்வு செய்யச் சொல்வதா என்பது மட்டும் பிரச்சினை இல்லை. அந்த எண் யார் தலையில் விழும் என்பதும் எண்ணை மாற்றுகிறது.

சாக்பீஸ்:
அப்போ டீச்சர்கள் எல்லாம் காப்பியடிக்க விடுகிறவர்கள், அப்படித்தானே?

புள்ளிக்கோலம்:
டீச்சர்கள் மட்டுமா? எல்லாரும்தான். 2013இல் ஒரு மாணவர் ஐசிஎஸ்இ என்ற பத்தாம் வகுப்புத் தேர்வின் முடிவுகளை மொத்தமாக இறக்கி வரைபடம் போட்டார். 32, 33, 34 மதிப்பெண் வாங்கியவர் நாட்டிலேயே ஒருவர்கூட இல்லை. அப்போது தேர்ச்சி 35. கோடு எங்கே இருக்கிறதோ அதன் இந்தப் பக்கம் ஒரு மேடு, அந்தப் பக்கம் ஒரு பள்ளம். வரைபடத்தில் அந்த மேட்டைப் பார்த்தால் அங்கே ஏதோ பரிசோ தண்டனையோ கட்டித் தொங்குகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

மாஸ்க்மணி:
காற்றிலும் இதே கதைதான். பெய்ஜிங்கில் முன்பு காற்று மாசுக் குறியீடு 100க்குள் இருந்தால் 'நீல வான நாள்' என்று கணக்கு வைத்தார்கள், வருடத்துக்கு இத்தனை என்று இலக்கு. 96, 97, 98 என்று வந்த நாட்கள் குவிந்தன. 101, 102 வந்த நாட்கள் காணாமல் போயின. ஆராய்ச்சியாளர்கள் அந்த விளிம்பைக் காட்டித்தான் பிடித்தார்கள். ஷியான் நகரில் இன்னும் எளிய வழி கண்டுபிடித்தார்கள். 2016இல் கண்காணிப்புக் கருவியின் காற்று உறிஞ்சும் வாயில் பஞ்சை அடைத்துவிட்டார்கள். அடுத்த வருடம் சம்பந்தப்பட்ட சுற்றுச்சூழல் துறை ஆட்களுக்கே சிறை.

ஃபோக்ஸ்வேகன் கதையைச் சொல்லவே வேண்டாம். ஆய்வகத்தில் உருளைமேல் ஓடும்போது இது சோதனை என்று காரின் மென்பொருளே கண்டுபிடித்து ஒழுங்காக நடந்துகொள்ளும். சாலைக்கு வந்தால் நைட்ரஜன் ஆக்ஸைடு வரம்பைப்போல 40 மடங்கு வரை. உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி கார்கள்.

கரிசல்காரன்:
பார்த்தீர்களா! அளக்கப்படுபவன் கையிலேயே அளவுகோலைக் கொடுத்தால் இதுதான் நடக்கும்.

ஸ்டெத்:
அரசு ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் வேலை பார்த்தவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை. அங்கே ரத்த அழுத்தப் பதிவேட்டைப் புரட்டினால் பக்கம் பக்கமாக 120/80. ஊரே அவ்வளவு ஆரோக்கியம். வயசான பாட்டி, கர்ப்பிணி, லாரி டிரைவர் எல்லாருக்கும் ஒரே எண். பட்டையைச் சுற்ற நேரம் இல்லை, நூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள், கட்டத்தை நிரப்பாவிட்டால் மேலிருந்து போன் வரும். இதை மோசடி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அந்தப் பதிவேட்டை வைத்து யாராவது ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினால் தயவுசெய்து எனக்கு அனுப்பாதீர்கள்.

சரி, இலக்கே வேண்டாம் என்று சொல்கிறீர்களா? இங்கேதான் நான் இரண்டு பேரோடும் மோதுகிறேன். இங்கிலாந்தில் 2004 வாக்கில் அவசர சிகிச்சைக்கு ஒரு விதி போட்டார்கள். வந்தவர்களில் 98 சதவீதம் பேரை 4 மணி நேரத்துக்குள் பார்த்து, சேர்க்கவோ அனுப்பவோ வேண்டும். புள்ளிக்கோலம் சொல்லும் அதே மேடு அங்கேயும் வந்தது. 3 மணி 50 நிமிடத்துக்கு மேல் ஒரு பெரிய குவியல். எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் குரூபர் முதலான பொருளாதார அறிஞர்கள் அந்தக் குவியலில் இருந்த நோயாளிகள் என்ன ஆனார்கள் என்று தேடிப்போனார்கள். அவர்களிடையே 30 நாளுக்குள் இறப்பது 14 சதவீதம் குறைந்திருந்தது. கணக்குக்காக அவசரப்படுத்தினார்கள், அந்த அவசரத்தில் உயிர் பிழைத்தது.

புள்ளிக்கோலம்:
அந்த ஆய்வு எனக்கும் பிடிக்கும். ஆனால் அங்கே இலக்கு நேரம். கடிகாரத்தை ஏமாற்ற நோயாளியை நிஜமாகவே நகர்த்தியாக வேண்டும். விடைத்தாளை ஏமாற்றப் பிள்ளைக்கு எதுவும் கற்றுத்தரத் தேவையில்லை. உங்கள் 120/80க்கும் பட்டையைச் சுற்றத் தேவையில்லை. எண்ணைத் தொட உண்மையான வேலை செய்தே ஆக வேண்டுமா, பேனா போதுமா என்று பார்த்துத்தான் இலக்கு வைக்க வேண்டும்.

ஸ்டெத்:
ஒத்துக்கொள்கிறேன், முக்கால்வாசி. நோயாளியை ஆம்புலன்ஸிலேயே காக்கவைத்துக் கடிகாரத்தைத் தாமதமாக ஓடவிட்ட மருத்துவமனைகளும் அங்கே உண்டு.

நாட்டுக்கோழி:
எல்லாரும் அளப்பவனைப் பேசுகிறீர்கள். கோடு போட்டவனை யாரும் கேட்கவில்லை. நம் குழந்தைகளின் உயரத்தை உலக சுகாதார நிறுவனத்தின் கோட்டோடு ஒப்பிட்டு 'வளர்ச்சி குன்றியவர்கள்' 35.5 சதவீதம் என்று 2019-21 கணக்கெடுப்பில் சொன்னார்கள். வெள்ளைக்காரன் பிள்ளை உயரத்துக்கு நம் பிள்ளை எப்படி வளரும்? மரபணு வேறு, சாப்பாடு வேறு.

ஸ்டெத்:
2006இல் வந்த அந்தக் கோட்டுக்கு அளந்த ஆறு நாடுகளில் இந்தியாவும் ஒன்று தம்பி. பிரேசில், கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா, அதோடு நம் தெற்கு தில்லி. வசதியான வீடு, தாய்ப்பால், புகைக்காத அம்மா என்று சூழல் ஒன்றாக இருந்தபோது ஆறு நாட்டுப் பிள்ளைகளும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வளர்ந்தார்கள். சாப்பாடு வேறு என்கிறீர்களே, பிரச்சினையே அதுதான்.

மாஸ்க்மணி:
உயரத்தில் நாட்டுக்கோழி தோற்றாலும் காற்றில் அவர் கேள்விக்கு உயிர் இருக்கிறது. கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் பிஎம் 2.5, அதாவது நுரையீரலுக்குள் போகும் நுண்துகள், என்று வையுங்கள். நம் காற்றுத் தரக் குறியீட்டில் அது 100, 'திருப்திகரம்' என்ற பச்சைக்குள் அடங்கிவிடும். அதே காற்று அமெரிக்கக் குறியீட்டில் 150ஐத் தாண்டி, சிவப்பு. உலக சுகாதார நிறுவனத்தின் 24 மணி நேர வழிகாட்டு அளவோ 15தான். நம் குறியீடு 500இல் முடிந்தும் போகிறது. தில்லியில் அதற்கு மேலே எவ்வளவு போனாலும் 500தான். வெளிநாட்டுச் செயலி ஆயிரத்தைத் தாண்டிக் காட்டும்போது இங்கே 'செயலி பொய் சொல்கிறது' என்று சண்டை. காற்று இரண்டு இடத்திலும் ஒன்றுதான். எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்பதை அரசு முடிவு செய்கிறது.

கரிசல்காரன்:
எங்கோ போய்விட்டோம். என் கேள்விக்கு வாருங்கள். வெளியாள் அளந்ததை நம்பு, உள்ளாள் அளந்ததை நம்பாதே. சரியா தப்பா?

ஸ்டெத்:
அவ்வளவு சுலபம் இல்லை. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் 2019-21 சுற்றுப்படி உயரத்துக்கேற்ற எடை இல்லாத குழந்தைகள் 19.3 சதவீதம். அங்கன்வாடிப் பணியாளர்கள் அளந்து ஏற்றும் போஷன் டிராக்கர் என்ற அரசுச் செயலியில் அது சமீப ஆண்டுகளில் 5, 6 சதவீதம் அளவில். உங்கள் சூத்திரப்படி அங்கன்வாடி அக்காக்கள் பொய் எழுதுகிறார்கள். ஆனால் வளர்ச்சி குன்றியவர்கள் கணக்கில் அதே டிராக்கர் கணக்கெடுப்பைவிட ஒரு படி அதிகமாகவே காட்டியிருக்கிறது. பொய் எழுதுகிறவர் அங்கே மட்டும் ஏன் தன் தலையில் மண்ணைப் போட்டுக்கொள்ள வேண்டும்?

புள்ளிக்கோலம்:
இரண்டும் வேறு வேறு குழந்தைக் கூட்டம் என்பதை மறக்காதீர்கள். ஒன்று மாதிரி எடுத்த வீடுகள், மற்றது அங்கன்வாடியில் பதிந்தவர்கள். அதோடு துறுதுறுவென்று நெளியும் ஒரு வயதுக் குழந்தையைப் படுக்கவைத்து நீளம் அளப்பது படு சிரமம். தவறு இரண்டு பக்கமும் சிதறினால் கோட்டுக்குக் கீழே போகிறவர் எண்ணிக்கை தானாகவே ஏறும். எடை அப்படியில்லை, மாதாமாதம் மேலே கேட்கும் எண். என் ஊகம் இது. ஆனால் அக்காக்களைப் பொய்யர் என்று சொல்வதைவிட இந்த விளக்கம் எனக்குப் பொருந்துகிறது.

சாக்பீஸ்:
இதைத்தான் நான் முதலிலிருந்தே சொல்ல வந்தேன். என் மூன்றாம் வகுப்பில் யார் எந்தப் படியில் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். காலையில் ஒவ்வொருவராக மேசைக்குக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லி ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். ஏசர் தாளைவிடக் கறாராகத்தான் குறித்திருக்கிறேன். அந்த நோட்டில் உள்ளதை அப்படியே துறையின் செயலியில் ஏற்றினேன் ஒரு முறை. மறு வாரம் 'உங்கள் பள்ளி ஏன் பின்தங்கியது' என்று விளக்கம் கேட்டார்கள். கூடுதல் ஆசிரியரும் வரவில்லை, புத்தகமும் வரவில்லை. விளக்கம் மட்டும் எழுதச் சொன்னார்கள். அப்புறம் செயலிக்கு ஒரு கணக்கு, நோட்டுக்கு ஒரு கணக்கு.

கரிசல்காரன்:
அப்படியென்றால் மேலே இருப்பவர் கையில் பொய்க் கணக்குதான் இருக்கிறது. அதற்கு நீங்களும் உடந்தை. கோபப்படாதீர்கள், கேட்டாக வேண்டும்.

சாக்பீஸ்:
கோபமில்லை. உடந்தைதான். மாஸ்க்மணி சொன்ன கார் எப்படிப் பிடிபட்டது?

மாஸ்க்மணி:
2013இல் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக ஆட்கள் காரின் பின்னால் கருவியைக் கட்டிக்கொண்டு சாலையில் ஓட்டினார்கள். கம்பெனியைப் பிடிக்க வேண்டும் என்றெல்லாம் போகவில்லை. அமெரிக்காவில் ஓடும் டீசல் கார் சுத்தமானது, அதை ஐரோப்பாவுக்குக் காட்டலாம் என்றுதான் ஆரம்பித்தார்கள். ஐரோப்பாவில் 2017 முதல் புதிய மாடல்களுக்குச் சாலையில் ஓட்டிப் பார்க்கும் சோதனையும் கட்டாயம்.

புள்ளிக்கோலம்:
பள்ளிக்கும் அது மாதிரி ஒன்று போதும். டீச்சரின் நோட்டு டீச்சரிடமே இருக்கட்டும், யாரும் கேட்கக் கூடாது. மாவட்ட அளவில் தெரிய வேண்டியதற்கு வெளியாட்கள் சில பள்ளிகளைக் குலுக்கி எடுத்து, பெயர் போடாமல் அளக்கட்டும். எந்தப் பள்ளி என்றே வெளியே தெரியாவிட்டால் யாரும் பஞ்சு அடைக்க மாட்டார்கள்.

கரிசல்காரன்:
பெயர் போடாவிட்டால் என் பிள்ளை படிக்கிற பள்ளி எப்படி என்று எனக்கு எப்படித் தெரியும்? வரி கட்டுகிறவன் நான். மாவட்டச் சராசரியை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

புள்ளிக்கோலம்:
உங்கள் பிள்ளையை நீங்களே உட்காரவைத்து வாசிக்கச் சொல்லுங்கள் அண்ணா. ஏசர் தாள் இணையத்திலேயே கிடைக்கிறது.

கரிசல்காரன்:
நான் வாசிக்கத் தெரிந்தவன், கேட்பேன். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் பிள்ளைக்கு யார் கேட்பது?

சாக்பீஸ்:
அந்த அம்மா என் வகுப்புக்கு வரட்டும். நோட்டைப் பிரித்து நானே காட்டுகிறேன். செயலியில் ஏற்றச் சொல்லாதவரை.